சங்கரவடிவு (எ) சுருதிப்பித்தன்

கோர்ட்டு ஊழியர் சங்கத்து மலருக்கு ஒரு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலையில் சேர்ந்தவர்கள். "இளைய தலைமுறைக்கு வழிகாட்டுத மாதிரி இருக்கணும்மா" என்றார் ஒருவர். சரி, வழிகாட்டுகிறேன். நாய் வளர்க்கிற வீட்டில் கேட்டைத் தட்டிவிட்டுப் பின்னால் நகர்ந்து நிற்க வேண்டும். சோறு வடிக்கிற நேரம் பார்த்துப் போனால் பசைக்கு அலைய வேண்டாம். என் சர்வீஸ் முழுக்க நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மலரில் இன்னும் இடம் இருக்கிறது என்றார்கள். அதனால் மேலே எழுதுகிறேன்.

வந்தவர்களில் இன்னொருவர் பெருமையாகச் சொன்னார்: "இப்பல்லாம் சம்மனைப் போன்லயே அனுப்பிருதோம்மா. ரெண்டு நீல டிக்கு விழுந்தாப் போதும், கொடுத்தாச்சுன்னு அர்த்தம்." கேட்க நன்றாகத்தான் இருந்தது. நீல டிக்கின் மேல் யாரும் சாணித் தண்ணீர் ஊற்ற முடியாது.

கோர்ட்டு போடுகிற கட்டளையை உரிய ஆள் கையில் கொண்டு சேர்ப்பது என் வேலை. காகிதத்தில் என் பதவிக்குப் பெயர் கட்டளை நிறைவேற்றுநர். அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. அமீனா என்றால் உடனே புரியும். புரிந்ததும் கதவைச் சாத்துவார்கள். என் வீட்டுக்காரர் அலுவலக உதவியாளராக இருந்து இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு வேலை கொடுத்தார்கள். எந்தக் கோர்ட்டு என்று எழுதப் போவதில்லை. இந்தப் பக்கம் கோர்ட்டுகளுக்கா பஞ்சம்? கருணை என்று அரசாங்கம் எதைச் சொல்கிறது என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் திணித்து, சித்திரை வெயிலில் போகச் சொன்னார்கள்.

முதல் வீட்டிலேயே ஒரு வேடிக்கை. வாசலில் நின்று, "அமீனா வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா, "எந்த அமீனா? மைதீன் மகளா? உள்ள வா தாயி, ஏன் வெளிய நிக்க?" என்று அழைத்து, நன்னாரி சர்பத்து கலக்கிக் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் அவர் மகன் பெயருக்கு வந்த சம்மனை எடுத்தேன். அதற்கப்புறம் அந்தத் தெருவில் எனக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை.

சம்மன் கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆளைப் பார்த்து, பெயர் கேட்டு, பிராது நகலோடு கையில் கொடுத்து, நம்மிடம் இருக்கிற பிரதியில் கையெழுத்து வாங்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வீட்டில் இருக்கிற வயதுவந்த உறுப்பினரிடம் கொடுக்கலாம். வாங்க மாட்டேன் என்றால் வாசல் கதவில் ஒட்டிவிட்டு, அக்கம்பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து வாங்கி, நடந்ததை நடந்தபடி அறிக்கை எழுத வேண்டும். அந்த அறிக்கையைப் படித்துத் திருப்தி அடைய வேண்டியவர் எங்கள் நாசர், உலகநாதன். நாசர் என்றால் சம்மன் பிரிவுக்குத் தலைவர். திருப்தி அடைவது அவருடைய வழக்கத்தில் இல்லை.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கத்தமாட்டார், திட்டமாட்டார். ஒவ்வொரு வார்த்தையின் மேலும் பேனா மூடியை வைத்து நகர்த்திக்கொண்டே படிப்பார். மூடி ஓரிடத்தில் நின்றால் நமக்கு அன்றைக்கு இன்னொரு பயணம் இருக்கிறது என்று அர்த்தம். ஒருமுறை கரிவலம் பக்கத்தில் ஒரு ஆட்டுக்காரர் சம்மனை வாங்க மாட்டேன் என்றார். நான் சோற்றுப் பசையை அப்பிக் கதவில் ஒட்டினேன். சாட்சியைக் கூப்பிட்டுக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவருடைய ஆடு அதைத் தின்றுவிட்டது. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டுமாமே, எழுதினேன்.

பேனா மூடி நின்றது.

"கோமதியம்மா, ஆடு தின்னது முழுசாவா, பாதியா?"

"முழுசா சார்."

"யாரு ஆடு?"

"பிரதிவாதி ஆடுதான் சார்."

"அப்ப, பிரதிவாதி தரப்புல வாங்கிக்கிட்டதா எடுத்துக்கிடலாமா?"

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. உண்மையிலேயே யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில், "முடியாது. ஆடு குடும்ப உறுப்பினர் ஆகாது. திரும்பப் போங்க" என்றார். போனேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில் மட்டும் அவரை யாரும் நெருங்க மாட்டோம். மேசையிலேயே தயிர்ச்சோறு, ஒரு காதில் மட்டும் ஒயர் தொங்கும். மற்றக் காது அலுவலகத்துக்கு. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக மெல்லுவார். ஏதோ உபன்யாசம் கேட்கிறார் என்று நாங்களாகவே முடிவுகட்டி, அந்த நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்தோம். பக்தி மேல் எங்கள் அலுவலகத்துக்கு அவ்வளவு மரியாதை.

இனி, அந்த வழக்கு. சங்கரன்கோவிலில் வீட்டுக்கு வீடு இணைய இணைப்பு வாங்கிக்கொண்டிருந்த காலம். ஒரு நாள் சென்னைக் கோர்ட்டிலிருந்து ஒரு கட்டுச் சம்மன் வந்து சேர்ந்தது. வாதி ஒரு இசைக் கம்பெனி. தங்களுக்கு உரிமையான பாட்டுகளை இணையத்தில் ஒருவருக்கொருவர் ஏற்றி இறக்கிப் பகிர்ந்துகொண்டதாக மாநிலம் முழுக்கப் பல பேர் மேல் வழக்குப் போட்டிருந்தார்கள். அதில் சில பேர் எங்கள் ஊர்.

பாட்டுகள் யாருடையவை? பெயர் வேண்டாம். ரசிகர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். மாஸ்டர் கொஞ்சம் படங்களுக்கு இசையமைத்தார். சில படங்கள் ஓடவில்லை, மீதிப் படங்கள் வெளியே வரவேயில்லை. பிறகு அவர் காலமாகிவிட்டார். ஊர் முழுக்க முணுமுணுக்கிற பாட்டை யார் வேண்டுமானாலும் ரசிக்கலாம். யாருமே கேட்டிராத பாட்டை ரசிக்க ஒரு தனித் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு உள்ளவர்கள் இணையத்தில் ஒரு குழு வைத்திருந்தார்கள். கம்பெனி அந்தப் பாட்டுகளை எங்கேயும் விற்கவில்லை. கடையில் போய்க் கேட்டால், "யாரு?" என்பார்கள். தான் விற்காத பொருளை ஊரார் இலவசமாகக் கொடுப்பதால் தன் வியாபாரம் படுத்துவிட்டது என்பது கம்பெனியின் பிராது. நான் படித்த பிராதுகளிலேயே சோகமானது அதுதான்.

உலகநாதன் சார் ஒவ்வொரு சம்மனாகப் பதிவேட்டில் ஏற்றினார். ஒன்றில் பேனா மூடி நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு அதையும் ஏற்றி, கட்டின் அடியில் வைத்தார்.

"எல்லாம் டவுனுக்குள்ளதான். உங்க ஏரியா. இதைக் கடைசியாக் கொடுங்க, மத்ததை முடிச்சிட்டு."

கட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். 

முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பீர் முகம்மதுவிடம் போனேன். கடையநல்லூர்க்காரர், வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்து இங்கே கடை போட்டவர். சம்மன் என்றதும் வழக்கமாக ஆட்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்கள். இவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாஷா அல்லா! யக்கா, இது நெசமாவே மெட்ராஸ் கோர்ட்டு சீலா?"

"பின்ன, நான் வீட்டுல உருளைக்கிழங்குல வெட்டிக் குத்துனேனா? கையெழுத்துப் போடுங்க தம்பி."

"போடுதேன், போடுதேன். மாஸ்டர் பேரும் எம் பேரும் ஒரே காயிதத்துல வந்திருக்கு பாருங்க! துபாய்ல ஏசி ரிப்பேர் பாத்தவன் பேரு!"

என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கடையிலிருந்து அல்வா வரவழைத்தார். நஷ்டஈடு என்று ஒரு வரி இருக்கிறது, அதையும் படியுங்கள் என்றேன். "அதெல்லாம் வக்கீல் படிப்பாரு யக்கா" என்று சொல்லிவிட்டு, சம்மனுக்குக் கண்ணாடிச் சட்டம் போட எந்தக் கடை நல்லது என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மற்றவர்களும் ஏறக்குறைய இப்படித்தான். ஒருவர் பூஜை அறையில் வைத்துக் குங்குமம் இட்டார். பயந்தவர் ஒருவரும் இல்லை. பயமுறுத்துவதற்கு என்றே இவ்வளவு செலவு செய்த கம்பெனியை நினைத்து எனக்குத்தான் பாவமாக இருந்தது.

சிக்கல் வந்தது சம்மன் கிடைக்காத ஆளிடமிருந்து. செல்லத்துரை என்று ஒரு இன்சூரன்ஸ் ஏஜெண்டு, அதே குழுவில் இருந்தவர். மறுநாள் காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பையில நல்லாப் பாத்தீங்களா? எம் பேருக்கு ஒண்ணு இருக்கணுமே."

"இல்லையே தம்பி."

"எப்படிக்கா இல்லாமப் போவும்? பீர் முகம்மது ஏத்துனது அஞ்சாறு பாட்டு. அவனுக்குச் சம்மன். நான் ரெண்டு படத்துப் பின்னணி இசையே ஏத்தியிருக்கேன். என்னை விட்டுட்டாவன்னா என்ன அர்த்தம்? ஊருல என்னைய என்னன்னு நினைப்பாவ?"

கம்பெனிக்கு எழுதிக் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் உண்மையிலேயே எழுதினார். கம்பெனி பதில் போடவில்லை. அந்த அவமானத்திலிருந்து அவர் இன்றுவரை மீளவில்லை.

கட்டில் கடைசியாக ஒன்று மிஞ்சியது. பிரதிவாதியின் பெயர்: சங்கரவடிவு (எ) சுருதிப்பித்தன். குழுவிலேயே அதிகம் பாட்டு ஏற்றியவர் சுருதிப்பித்தன் என்று பிராதில் பக்கம் பக்கமாக இருந்தது. பழைய இசைத்தட்டுகளை எங்கெங்கோ தேடிப் பிடித்து, கீறல் சத்தத்தைத் துடைத்து, பாட்டாக்கிப் போடுகிறவர். புனைபெயருக்குப் பின்னால் இருக்கிற ஆளைக் கம்பெனிக்குத் தெரியாது. இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று விசாரித்து, அந்தப் பெயரைப் போட்டுவிட்டார்கள். பீர் முகம்மதுவிடம் கேட்டபோது, "அவரு சிங்கப்பூர்ல மியூசிக் புரொபசர்னு பேசிக்கிடுதாவ யக்கா" என்றார்.

முகவரியோ சிங்கப்பூரில் இல்லை, விசைத்தறி ஓடுகிற ஒரு தெருவில் இருந்தது. பேச்சு காதில் விழாத சத்தம். கதவைத் திறந்த அம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும்.

"சங்கரவடிவுங்கிறது?"

"நாந்தான். நீங்க?"

"கோர்ட்டுலருந்து வாரேன்."

"அவுக ஆபீசுலதான இருக்காக" என்றார் அவர்.

சுவரில் கல்யாணப் படம் மாட்டியிருந்தது. மீசை கறுப்பாக இருந்தாலும் ஆளைத் தெரிந்தது. உலகநாதன் சார். வீடு மனைவி பேரில் இருக்கிறது, அதனால் இணைப்பும் மனைவி பேரில். சந்தோஷமே வரவில்லை என்று சொன்னால் மலரைப் படிக்கிற ஒருவரும் நம்பமாட்டார்கள். ஒரு ஆட்டுக்காக என்னை வெயிலில் திருப்பி அனுப்பியவர்.

சம்மனை விவரம் சொல்லிக் கொடுத்தேன். வடிவம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். முகம் சிவந்தது.

"என்னக்கா இது, (எ) போட்டிருக்கு? பேப்பர்ல ரவுடிமாருக்குத்தான இப்படிப் போடுவாவ? பிளேடு முருகன், வெடிகுண்டு வேலு, அந்த வரிசையில என்னையும் சேத்துட்டாவளா? பாட்டுத் திருடுனேனா? எனக்கு ரிமோட்டுல சத்தத்தக் குறைக்கவே தெரியாது!"

"கையெழுத்து மட்டும்..."

"போடமாட்டேன். ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார். "ஏங்க, உங்க கோர்ட்டுலருந்து ஒரு அக்கா வந்து என்னைய ரவுடிங்காக!"

அந்தப் பக்கம் சார்தான். "கோமதியம்மா இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்கேன் சார். அம்மா வாங்கமாட்டேங்காங்க."

"மறுத்தா என்ன செய்யணும்?"

"ஒட்டணும் சார்."

"அப்ப ஒட்டுங்க."

"சார், இது உங்க வீடு."

"கதவு இருக்குல்லா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

என் டப்பாவில் பசை காய்ந்திருந்தது. வடிவம்மாவே உள்ளே போய் ஒரு கரண்டி சோறு கொண்டுவந்தார். நான் ஒட்ட ஆரம்பித்ததும், "கோணலாப் போகுது பாருங்க. பொங்கலுக்குத்தான் பெயிண்ட் அடிச்சது" என்று சொல்லி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். தன் கதவில் தானே சம்மன் ஒட்டிய பிரதிவாதியை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எதிர்வீட்டுத் தறிக்காரர்கள் இருவர் சாட்சி போட்டார்கள். அறிக்கையை எழுதி நாசர் மேசையில் வைத்தேன். பேனா மூடி வரி வரியாக நகர்ந்தது, எங்கேயும் நிற்கவில்லை. "சரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டதே எனக்குப் புதுசு.

ஒட்டின காகிதத்தை ஊர் படிக்காமல் இருக்குமா? இரண்டு நாளில் பீர் முகம்மதுவும் செல்லத்துரையும் இன்னும் சில பேரும் மாலையோடு அந்த வாசலுக்கு வந்துவிட்டார்கள். சுருதிப்பித்தன் நம்ம ஊர்தானாம்! பெயர் மனைவி பெயர், ஆள் வீட்டுக்காரர் என்று அவர்களாகவே முடிவுகட்டியிருந்தார்கள். மாலையைச் சம்மனுக்குப் போட்டார்கள். அப்போது பார்த்து உலகநாதன் சார் சைக்கிளில் வந்து இறங்கினார். நானும் அங்கேதான் இருந்தேன். ஒட்டியது கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பீர் முகம்மது அவரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தார். "இவருதானா? எம் மச்சான் கடைக்குப் பூட்டுப் போட ஆள் அனுப்புன நாசருல்லா இது!"

"ஆமா" என்றார் சார். "வாடகைப் பாக்கி தீர்ப்பு. பூட்டுனது முறைப்படிதான்."

"அண்ணாச்சி, அப்ப மாஸ்டரோட அந்த வெளிவராத படத்து வயலின் பாட்டு..."

"தூத்துக்குடில ஒரு பழைய இரும்புக் கடையில கிடைச்சது. தட்டு ரெண்டா விரிசல். ஒட்டி எடுத்தேன்."

பீர் முகம்மது மச்சானை மறந்துவிட்டார். எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டு, எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்த வாத்தியம் என்று ஆரம்பித்தார்கள். எங்கள் நாசர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவருக்குக் கை அப்படி ஆடும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்த வாசலிலேயே கண்டனக் கூட்டமும் நடந்தது. இனி அந்தக் கம்பெனியின் இசைத்தட்டு எதையும் வாங்குவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்தவர் அவர்களில் யாரும் இல்லை என்பதால் நிறைவேற்றுவதில் சிரமமிருக்கவில்லை. வடிவம்மா மட்டும் உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை.

வேடிக்கை அத்துடன் முடிந்தது. சாருக்குத் தலைமை எழுத்தர் பதவி உயர்வு வரவேண்டிய நேரம் அது. கோர்ட்டு ஊழியரே காப்புரிமை வழக்கில் மாட்டினார் என்றால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிச்சயம். ஆனால் காகிதத்தில் அவர் பெயர் எங்கேயும் இல்லை. வக்கீல்மார் ஆளாளுக்கு வழி சொன்னார்கள். இணைப்புக்குக் கடவுச்சொல்லே போடவில்லை, தெருவில் யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று அந்த அம்மாவைச் சொல்லச் சொல்லுங்கள். கம்பெனியால் நிரூபிக்க முடியாது. நானும் மதியம் அவர் தயிர்ச்சோறு முடிக்கிறவரை காத்திருந்து அதையே சொன்னேன்.

காதிலிருந்த ஒயரைக் கழற்றிச் சுருட்டினார்.

"அதுல அவ பேரு இருக்கு கோமதியம்மா. (எ) போட்டு இருக்கு."

"வழக்கு தள்ளுபடி ஆயிட்டா அதுவும் போயிரும் சார்."

"போவாது. தீர்ப்பு நகல்லயும் அப்படியே வரும். சங்கரவடிவு என்கிற சுருதிப்பித்தன். நான் ஆபீஸ் வேலை பாக்கேன்னு நினைச்சு, மாடியில நான் இருக்கையில மிக்ஸிகூடப் போடமாட்டா. ஆபீஸ் வேலைன்னு நாந்தான் சொல்லி வச்சிருந்தேன். பாட்டுன்னு சொன்னா சிரிப்பாளேன்னு."

மறுவாரம் லீவு போட்டு மனைவியோடு சென்னைக்கு ரயிலேறினார். சுருதிப்பித்தன் நான்தான், என் மனைவி பெயரை எடுத்துவிட்டு என் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று மனுப் போட்டார். தன் மேல் வழக்கு வேண்டும் என்று மனுப் போட்டவரை அந்தக் கோர்ட்டு அதற்கு முன் பார்த்திருக்குமா தெரியவில்லை; செல்லத்துரையை விட்டிருந்தால் பார்த்திருக்கும். மனு ஏற்கப்பட்டது. கொஞ்ச நாளில் கம்பெனியே சமரசத்துக்கு வந்தது. பிரதிவாதிகள் இனிமேல் ஏற்றக்கூடாது, தங்களிடம் இருக்கிற பாட்டுக் கோப்புகளை எல்லாம் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு அழித்துவிட வேண்டும், நஷ்டஈடு வேண்டாம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எல்லோரும் அழித்தார்களா என்பதற்கு நான் சாட்சி இல்லை. ஒருவர் மட்டும் நிச்சயமாக அழித்தார். ஒவ்வொன்றாக, பெயர் குறித்து, இரண்டு பேரைச் சாட்சிக்கு உட்காரவைத்து. சாட்சியில் ஒருத்தி நான். ஒரு மனிதர் அழுகையை அடக்கிக்கொண்டு பொத்தானை அமுக்குவதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டமான காரியம். கட்டளை நிறைவேற்றுகிற வேலையில் இருந்தும், அன்றைக்குத்தான் அது எனக்குக் கசந்தது.

பதவி உயர்வு போனது. கடலோரத்தில் ஒரு கோர்ட்டுக்கு மாற்றல் வந்தது. முணுமுணுக்காமல் போனார். எங்களுக்குப் புது நாசர் வந்தார். அறிக்கையைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற தங்கமான மனிதர். ஆறு மாதத்தில் எந்தச் சம்மன் எந்த வீட்டுக்குப் போனதென்று ஒருவருக்கும் தெரியாமல் போனது.

அடுத்த வருடம் கம்பெனி மாஸ்டரின் பாட்டுகளைத் திடீரென்று இணையத்தில் விற்பனைக்கு விட்டது. மூல ஒலிநாடாவிலிருந்து புதுப்பித்தது என்று கொட்டை எழுத்தில் விளம்பரம். தீர்மானத்தை மறந்து ரசிகர்கள் காசு கட்டிக் கேட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலமே பீர் முகம்மது போனில் கத்தினார்.

"யக்கா, அந்த வயலின் பாட்டு! நடுவுல ஒரு எடத்துல வாத்தியமெல்லாம் நிக்கும்லா? ஹெட்போன் மாட்டிக் கேளுங்க!"

கேட்டேன். வாத்தியங்கள் ஓய்கிற இடத்தில், ஆழத்தில், தறிச்சத்தம். அதற்கு மேல் ஒரு பெண் குரல்: "ஏங்க, சோறு வைக்கட்டுமா?"

கம்பெனியிடம் நாடாவும் இல்லை, மண்ணும் இல்லை. சமரசத்தில் வாங்கிய கோப்பைத்தான் சத்தத்தை மட்டும் கூட்டி அப்படியே விற்றிருக்கிறார்கள்; முன்பு யார் காதிலும் விழாதது அதில்தான் மேலே வந்திருக்கிறது. தறி நிற்கிற மின்வெட்டு நேரமாகப் பார்த்து, இன்வெர்ட்டரில் தட்டைச் சுழலவிட்டு, மைக் வைத்துப் பதிவு செய்வது சாரின் வழக்கமாம். இந்த ஒரு பாட்டின் நடுவில் மின்சாரம் திரும்ப வந்திருக்கிறது. வடிவம்மாவும் மாடிப்படி ஏறி வந்திருக்கிறார்.

வழக்குப் போடுங்கள் என்று ரசிகர்கள் குதித்தார்கள். சார் அசையவில்லை. சமரசத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று, கோப்பு அவர்களுடையது. சனி, ஞாயிறுக்கு ஊருக்கு வந்திருந்தவரிடம் இதைக் கேட்கத்தான் அன்று எல்லோரும் அவர் வீட்டில் கூடியிருந்தோம். அடுக்களையிலிருந்து வடிவம்மா வெளியே வந்தார்.

"நீங்க கையெழுத்துப் போட்டீங்க. நான் போட்டேனா?"

"இல்ல."

"எம் பேரத்தான் நீங்களே மனுப் போட்டு எடுத்துட்டீங்களே. அப்ப அந்தச் சமரசத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எங் குரல விக்க அவன் யாரு?"

சார் வெகுநேரம் யோசித்தார். ஆட்டுக்கு யோசித்த அதே முகம். கடைசியில், "சட்டப்படி அவ சொல்லுதது சரிதான்" என்றார்.

வடிவம்மா பேரில் கம்பெனிக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. இந்த முறை (எ) இல்லை. கம்பெனி பயந்துபோய் அந்தப் பாட்டை எடுத்துவிட்டு, குரலை வெட்டி மறுபடி போட்டது. வெட்டின அவசரத்தில் வயலினும் ஒரு துண்டு போய்விட்டது. இப்போது காசு கொடுத்தால் கிடைப்பது மூளியான பாட்டு. முழுப் பாட்டு ஓசியில் மட்டும்தான் கிடைக்கும். யாரிடம் என்று நான் எழுதப் போவதில்லை. நாளைக்கு அவர்களுக்குச் சம்மன் கொண்டுபோகிறவர் இந்த மலரைப் படிக்கலாம்.

சார் அந்தக் கடலோரக் கோர்ட்டிலேயே நாசராக ஓய்வு பெற்றார். ஆபீசில் ஒரு சால்வையோடு முடித்துவிட்டார்கள். சங்கரன்கோவில் ரசிகர்கள்தான் ஒரு சின்ன மகாலைப் பிடித்து விருந்து வைத்தார்கள். வரவேற்புரை செல்லத்துரை, தனக்குச் சம்மன் வராத கதையை அவர் சொல்லி முடிப்பதற்குள் பாயசம் ஆறிவிட்டது. பிறகு பீர் முகம்மது அந்தப் பாட்டைப் போட்டார். முழுப் பாட்டு. உண்மையைச் சொன்னால் பாட்டு எனக்குச் சுமாராகத்தான் பட்டது. அதை அந்த மகாலில் சொல்லியிருந்தால் உயிரோடு வந்திருக்கமாட்டேன். வாத்தியங்கள் நிற்கிற இடம் வந்ததும் மகால் முழுக்க ஒரே குரலில், "ஏங்க, சோறு வைக்கட்டுமா?" என்றார்கள்.

வடிவம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்சம் தயங்கி, "அன்னைக்கு நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே நின்னேன். உங்க பாட்டுல ஒண்ணுதான் விழுந்திருக்கு. இவுக ஒரு தடவகூடப் பதில் சொல்லல" என்றார்.

கைதட்டல் அடங்கவில்லை. மைக் சாரிடம் போனது. மாஸ்டரைப் பற்றிப் பேசப் போகிறார் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவர் கூட்டத்தைப் பார்க்கவேயில்லை. மனைவி பக்கம் திரும்பி, "வையி வடிவு, வாரேன்" என்றார்.

அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். இலை போட ஆரம்பித்தார்கள்.